பழைய மரச்சாமான் வாங்குவது எப்படி: காரைக்குடித் தெருவுக்குக் கிளம்பும் முன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குள் நுழையும் புதியவர் கேட்கிற முதல் கேள்வி, "இது எத்தனை வருஷத்துப் பொருள்?" கடைக்காரர் பதிலைத் தயாராக வைத்திருப்பார்: "நூத்தம்பது வருஷம் இருக்கும் சார்." நாற்காலியைக் காட்டினாலும் நூத்தம்பது, பீங்கான் ஜாடியைக் காட்டினாலும் நூத்தம்பது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிறவருக்குப் பிடித்த எண்ணைச் சொல்கிறார். வயது என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. யார் உட்காரப் போகிறார்கள், எந்த மூலையில், தினமும் எவ்வளவு நேரம் என்பதற்குப் பதில் வைத்துக்கொண்டு போனால்தான் அந்தத் தெருவில் தலை சுற்றாமல் திரும்ப முடியும்.

காரைக்குடியை முன்வைத்து எழுதுகிறேன். புதுச்சேரியிலும் கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும்கூட இப்படிப்பட்ட கடைகள் உண்டு. சரக்கு மாறும், பார்க்கிற முறை மாறாது.

கொஞ்சம் பின்கதை தெரிந்திருப்பது நல்லது. நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொடுக்கல்வாங்கல் செய்து சேர்த்த பணத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரை செட்டிநாட்டு ஊர்களில் பெரிய பெரிய வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. பெல்ஜியம் கண்ணாடியும் ஐரோப்பிய நாற்காலிகளும் அதே வழியில் வந்தன. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது தொழில் முறிந்தது. அடுத்த தலைமுறைகளில் ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊர், ஓடு மாற்றக்கூட ஆளில்லை. வீடுகள் இடிபட இடிபட, கதவும் தூணும் கட்டிலும் தெருவுக்கு வந்தன. இது தெரிந்தால் அந்த நூத்தம்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கடையில் நிற்கும் மேசை நாற்காலிகள் அந்தச் செழிப்பின் கடைசி ஐம்பது ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளையே தொல்பொருள் என்கிறது. அதற்கு இளையதை வியாபாரத்தில் 'விண்டேஜ்' என்பார்கள். வீட்டில் புழங்க விண்டேஜ் தாராளமாகப் போதும். 'ஆன்டிக் ஃபினிஷ்' என்று சொன்னால் அது புதுச் சாமான். பழசுபோலத் தெரிய வேலை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

1. வீட்டை அளந்துகொள்ளுங்கள்

தலைவாசலின் உள் அகலம், அறைக் கதவின் உள் அகலம், லிஃப்டின் உள் அளவு, மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம். இந்த நான்கையும் எழுதி போனில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடிக் கதவு என்று நாம் சொல்வதில் நிலைச்சட்டமும் சேர்ந்திருக்கும். உள்ளே கிடைப்பது அதைவிடக் குறைவு. செட்டிநாட்டுப் பெட்டகம் இரட்டைக் கதவு திறக்கும் வாசலுக்காகச் செய்தது. அதை நான்காவது மாடிக்கு ஏற்றுவது எப்படி என்று கடையில் பணம் கொடுத்த பிறகு யோசிக்கக் கூடாது. பழைய கட்டில்கள் பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடியவை. பெரிய அலமாரிகளில் மேல்முகப்பும் அடிப்பீடமும் தனியாக வரலாம். "கழலுமா?" என்று கேளுங்கள், கழற்றிக் காட்டவும் சொல்லுங்கள்.

பொருளின் நீள அகலம் தெரிந்ததும் அந்த அளவுக்குச் செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரித்து, ஒருநாள் அப்படியே விடுங்கள். காபி டம்ளரோடு சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போகும்போது தாளை எத்தனை முறை மிதிக்கிறீர்கள் என்று பாருங்கள். நடக்க இரண்டரை அடியாவது மிஞ்ச வேண்டும். உயரத்தையும் மறக்காதீர்கள். பதினைந்தடி உயரக் கூடத்தில் அடக்கமாக நின்ற எட்டடி அலமாரி, பத்தடி உயர ஃபிளாட் அறையில் ஆளை அமுக்கும்.

உட்காரும் சாமானில் இஞ்ச் கணக்குதான் முக்கியம். சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருந்தால் சௌகரியம். மேசை 30 அங்குலம். பழைய எழுதுமேசைகளில் டிராயருக்காகப் பலகை கீழிறங்கி வரும், தொடை இடிக்கும். கடையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், டீகூட வரும்.

2. உங்கள் சுபாவத்தைக் கேளுங்கள்

வீட்டு அளவைவிட இது கடினம். நேர்மையாகப் பதில் சொன்னால் பாதிக் கடை தானாகவே விலகிவிடும்.

தூசி தட்ட அலுத்துக்கொள்பவரா? அப்படியானால் யாளியும் கொடியும் செதுக்கிய சித்திர வேலைப்பாடு வேண்டாம். ஒவ்வொரு இலையின் இடுக்கிலும் தூசி உட்காரும், ஈரத்துணி உள்ளே போகாது, பல் துலக்கும் பிரஷ்தான் கதி. 1930, 40களின் ஆர்ட் டெக்கோ சாமான்கள் உங்களுக்குப் பொருந்தும். வளைந்த மூலை, நேர்க்கோடு, வழுவழுப்பான முகம். ஒரு துடைப்பில் வேலை முடியும். செட்டிநாட்டிலேயே அந்தக் கால வீடுகள் பல இந்தப் பாணியில்தான் இருக்கின்றன.

இரண்டு வருடத்துக்கொரு முறை வாடகை வீடு மாறுபவர் பெட்டகத்தையும் ஊஞ்சலையும் மறந்துவிட்டு, கழற்றக்கூடிய கட்டில், மடக்கு மேசை, வளைமர நாற்காலி என்று போகலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை பார்க்கப் பிடித்தவருக்குக் கணக்குப்பிள்ளை மேசையைப்போல ஒன்று வேறு கிடையாது. சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் பழைய கண்ணாடிக் கதவு அலமாரி வேண்டாம். அந்தக் காலக் கண்ணாடி உடைந்தால் கத்தி கத்தியாகத்தான் உடையும்.

ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் தூக்கம் போய்விடும் என்பவர் பழசு வாங்கவே வேண்டாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பழைய மரத்தில் வடு இருக்கும், டிராயர் கொஞ்சம் இழுக்கும், மழைக்காலத்தில் கதவு பிடிக்கும். அதை ரசிக்க முடியாதவருக்கு நல்ல புதுச் சாமான் செய்து தர ஆசாரிகள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. கடைக்குப் போவதற்கு முன்னால் சொந்த ஊர் வீட்டுப் பரணையும் மாட்டுக் கொட்டகையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூட்டை அடுக்கப் பலகையாகக் கிடப்பது தாத்தாவின் ஊஞ்சலாக இருக்கலாம்.

எத்தனை வாங்குவது? முதலில் ஒன்றே ஒன்று. அறைக்கு ஒரு பழைய பொருள், சுற்றிலும் சாதாரணச் சாமான் என்று இருந்தால்தான் அது கண்ணில் படும். கூடம் முழுக்கக் கறுத்த மரமாக நிரப்பினால் வக்கீல் ஆபீஸ்போல ஆகிவிடும்.

3. எந்தச் சாமான் யாருக்கு

சாய்வு நாற்காலி: எல்லாருக்கும் ஆசை, எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது. கை நீண்டு விரியும் தோட்டத்துரை நாற்காலியை விரித்தால் முன்னும் பின்னுமாக ஐந்தடிக்கு மேல் பிடிக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அதிலிருந்து எழுவது சிரமம். துணி மாட்டும் மடக்கு ஈசி சேர் இடம் பிடிக்காது, பால்கனிக்குப் போதும்.

வளைமர நாற்காலி: ஆவியில் வளைத்த பீச் மரத்தில் செய்து, பிரம்புப் பின்னலிட்ட மெல்லிய நாற்காலி. மரச்சாமான் தயாரிப்பாளர் மிக்கேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிதான் இதில் பேர் போனது. ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும் என்பதால்தான் அது உலகம் முழுக்கக் கப்பலேறியது. பிறகு பல கம்பெனிகள் அதே மாதிரி செய்தன. இருக்கை வளையத்தின் அடியில் முத்திரையோ காகிதச் சீட்டோ மிச்சமிருக்கிறதா பாருங்கள். எடை குறைவு, ஒரு கையால் தூக்கலாம். சிறு வீட்டுக்கு முதல் பொருளாக இதைத்தான் நான் சொல்வேன். ஒரே குறை, பீச் மரத்தைப் பூச்சி எளிதில் பிடிக்கும்.

கணக்குப்பிள்ளை மேசை: சாய்ந்த மூடி, உள்ளே சின்னச் சின்ன அறைகள், தரையில் உட்கார்ந்து எழுதும் உயரம். கல்லாப்பெட்டியும் இதே குடும்பம். லேப்டாப் வைக்க ஏற்றது. ஆனால் மூடியின் சாய்வு அதிகமாக இருந்தால் லேப்டாப் வழுக்கும், கையோடு கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

கட்டில்: மெத்தைதான் பிரச்சினை. இன்று கடையில் கிடைக்கும் மெத்தை 72, 75, 78 அங்குல நீளங்களில் வரும். பழைய கட்டில் பெரும்பாலும் இந்த அளவுகள் எதிலும் அடங்காது. மெத்தையை அளவு சொல்லித்தான் செய்ய வேண்டும், அந்தச் செலவையும் கட்டில் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் இரண்டடியைத் தாண்டினால் மெத்தை போட்ட பிறகு ஏறி இறங்கப் படிக்கட்டு தேவைப்படும்.

ஊஞ்சல்: ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டங்குலக் கனம் உள்ள தேக்குப் பலகை ஏறத்தாழ 37 கிலோ. ஈட்டி என்றால் 48. அதன்மேல் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும்போது கொக்கி தாங்க வேண்டியது அவர்களுடைய எடையைவிடக் கூடுதல். கான்கிரீட் தளத்தில் துளைபோட்டு விரியும் போல்ட்டைச் செருகி ஊஞ்சல் மாட்டித் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். உத்தரம் எங்கே போகிறது, அதில் எப்படி மாட்டலாம் என்பதைக் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். வாடகை வீடென்றால் தரையில் நிற்கும் சட்டம்தான் வழி. ஆட முன்னும் பின்னும் மூன்றடியாவது காலியாக இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் ஊஞ்சல் துணி போடும் இடமாகிவிடும்.

நூறு வருடத்தைத் தொடாத சாமானையும் அலட்சியம் செய்யாதீர்கள். 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அரசு அலுவலகங்களுக்காக சுவிஸ் கட்டடக் கலைஞர் பியர் ழான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் பிற்பாடு கழிவுச் சாமானாக ஏலத்தில் போயின. இன்று வெளிநாட்டு ஏலங்களில் அவை லட்சக்கணக்கில் விலைபோகின்றன. அதே மாதிரி புதிதாகச் செய்து 'ஒரிஜினல்' என்று விற்பவர்களும் உண்டு என்பதால் சண்டிகர் நாற்காலியைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஊரில் மூடப்படும் பழைய பள்ளிக்கூடம், வங்கிக் கிளை, கிளப் ஆகியவற்றின் ஏலத்தைக் கவனியுங்கள். திடமான தேக்கு பெஞ்சும் மேசையும் அலங்காரமில்லாமல் அங்கே கிடைக்கும்.

4. மரத்தைப் பாருங்கள்

பளபளவென்று பாலிஷ் போட்ட சாமானில் மரம் தெரியாது. அதனால் கடைக்குள் போனதும் கேட்க வேண்டியது: "அண்ணே, பாலிஷ் போடாத சரக்கு குடோன்ல இருக்கா?" இருக்கும். தூசியும் சிலந்திவலையுமாக, உள்ளது உள்ளபடி தெரியும். விலையும் குறையும்.

பாலிஷ் போட்டதைத்தான் வாங்க வேண்டுமென்றால் யார் கண்ணிலும் படாத அடிப்பாகத்தைப் பாருங்கள். தேக்கு தங்கப் பழுப்பு, விரலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு, பலகையின் வெட்டுமுகத்தில் வளையத்தை ஒட்டி வரிசையாகப் பெரிய துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். பலா உள்ளே மஞ்சள், வெளியே வயதாக ஆகச் செம்பழுப்பு. ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வார்கள், ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடு ஓடும், நல்ல கனம். கருங்காலி மாலை மோகம் வந்த பிறகு கறுப்புச் சாயம் அடித்த எதையும் கருங்காலி என்று சொல்லப் பழகிவிட்டார்கள். முழுக் கட்டிலே கருங்காலி என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

தேக்கிலேயே இரண்டு விஷயம். நடுமரம் வைரம் பாய்ந்தது, கரையான் அவ்வளவு எளிதில் தொடாது. ஓரமரத்தை ஆசாரிகள் 'வெள்ளை' என்பார்கள், வெளிறியிருக்கும், பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. காட்டில் மெதுவாக வளர்ந்த பழைய பர்மாத் தேக்கில் வளையங்கள் நெருங்கியிருக்கும், வெள்ளை குறைவு. இளசாக வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். பழைய சாமானுக்கு நாம் கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்த வித்தியாசத்துக்குத்தான்.

5. கவிழ்த்துப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு டார்ச், ஒரு அளவு டேப், ஒரு தையல் ஊசி கையில் இருக்கட்டும்.

டிராயரை முழுதாக வெளியே இழுங்கள். பக்கப் பலகையும் முன்பலகையும் சேருமிடத்தில் புறாவால்போல விரியும் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். கையால் அறுத்ததென்றால் பற்கள் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்காது, ஒன்று பெரிது ஒன்று சிறிது, உள்பக்கம் ஆசாரி கோடு கிழித்த தடம்கூடத் தெரியும். டிராயரின் அடிவிளிம்பு, அது ஓடுகிற தண்டவாளக் கட்டை இரண்டும் தேய்ந்து குழிந்திருக்க வேண்டும். எண்பது வருடம் திறந்து மூடிய டிராயரின் அடி நேற்று இழைத்ததுபோல நேராக இருந்தால் அந்த எண்பதில் சந்தேகம் வையுங்கள். அடிப்பலகையை முகர்ந்தும் பாருங்கள். பழைய மரம் வறண்ட மணம் தரும். வார்னிஷ் நெடி அடித்தால் சமீபத்து வேலை.

பிறகு மேசையைக் கவிழ்த்து மூட்டுகளைப் பாருங்கள். சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கிக் காலின் துளைக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடித்திருப்பார்கள். முளை காலப்போக்கில் மேற்பரப்பைவிடச் சற்றே துருத்தி நிற்கும், தடவினால் விரலில் தட்டுப்படும். அந்த இடத்தில் எல்-ஆங்கிள் இரும்பு வைத்து முறுக்கியிருந்தால் ஆட்டம் கண்டதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். திருகாணியின் தலையில் ஒற்றைப் பிளவு இருந்தால் அதைவைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. கூட்டல் குறி இருந்தால் அந்தத் திருகாணி 1930களுக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. நம் ஊரில் அது இன்னும் பிந்தியே வந்தது. ஒரு திருகாணி மாற்றியதில் தப்பில்லை. எல்லாமே கூட்டல் குறியாக இருந்தால் பழைய பொருள் என்ற பேச்சை நிறுத்திவிடலாம். முதுகுப் பலகை பிளைவுட்டா என்றும் பாருங்கள்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் மெழுகோ மரத்தூள் பசையோ வைத்து அடைத்த துளை இருந்தால், வேறு கைப்பிடி இருந்து மாறியிருக்கிறது. அதுவும் பெரிய குற்றமில்லை, விலை பேச உதவும். ஆனால் மேசைப் பலகையில் சம்பந்தமே இல்லாத இடங்களில் வரிசையாக ஆணித்துளை அடைத்திருந்தால், அது இடித்த வீட்டின் உத்தரத்தையோ கதவையோ இழைத்துச் செய்த புது மேசை. மரம் பழசு, மேசை புதுசு. நல்ல மரம், தாராளமாக வாங்கலாம், பழம்பொருள் விலை மட்டும் கொடுக்க வேண்டாம். பலகை ஒரு மேசையிலிருந்தும் கால் இன்னொன்றிலிருந்தும் வந்து சேர்ந்ததும் நடக்கும். இரண்டின் அடிப்புற நிறமும் தேய்மானமும் பொருந்தாது, சட்டம் முன்பு இருந்த இடத்தின் நிழல் பலகையில் வேறு இடத்தில் விழுந்திருக்கும்.

வட்ட மேசையென்றால் டேப்பை ரேகை ஓடும் திசையில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வைத்து அளங்கள். மரம் குறுக்குவாட்டில்தான் சுருங்கும், நீளவாட்டில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பழைய வட்ட மேசை கொஞ்சம் நீள்வட்டமாகியிருக்கும். அச்சு வட்டமாக இருந்தால் இளசு.

கடைசியாக ஆட்டிப் பாருங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்து மூலைக்கு மூலை அசைத்தால் கிரீச் என்பது பரவாயில்லை, சாய்ந்து கொடுக்கக் கூடாது.

6. பூச்சி இருக்கிறதா

கால்களின் அடி, முதுகுப் பலகை, வெள்ளை தெரியும் ஓரம் மூன்றையும் ஊசியால் குத்துங்கள். தடையில்லாமல் இறங்கினால் உள்ளே உளுத்துவிட்டது. குண்டூசித் தலை அளவு துளைகள் வண்டு வெளியேறிய வழி. துளை இருப்பதே ஆபத்தில்லை, அது முப்பது வருடத்துக்கு முந்தியதாக இருக்கலாம். துளையிலிருந்து வெளிறிய மாவு புதிதாகக் கொட்டினால்தான் இப்போதும் தின்றுகொண்டிருக்கிறது. கரையான் என்றால் மண் தடம் விடும், பலகையைத் தட்டினால் பொத்தென்று கேட்கும். கட்டிலும் பிரம்பு நாற்காலியும் வாங்குபவர்கள் மூட்டைப்பூச்சியை மறந்துவிடுகிறார்கள். பிரம்பு செருகிய துளைகளிலும் மூட்டுகளிலும் கறுப்புப் புள்ளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாங்கி வந்ததும் நேரே படுக்கையறைக்குக் கொண்டுபோகாமல், மொட்டை மாடி நிழலிலோ ஷெட்டிலோ காலடியில் வெள்ளைத் தாள் விரித்து இரண்டு மூன்று வாரம் வையுங்கள். தாளில் மாவு விழுந்தால் பூச்சிமருந்து அடிப்பவரைக் கூப்பிட்டுத் துளைகளில் ஊசி மூலம் மருந்து ஏற்றச் சொல்லுங்கள். கொளுத்தும் வெயிலில் போட்டுக் காயவைத்தால் பூச்சி சாகிறதோ இல்லையோ, மரம் வெடிக்கும்.

7. விலை பேசுவது

அடிமட்ட விலை ஒன்றை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். உதாரணத்துக்கு ஐந்தடிக்கு மூன்றடி மேசை, ஒன்றேகால் அங்குலப் பலகை. பலகை மட்டும் ஏறத்தாழ 1.55 கன அடி. மூன்றங்குலச் சதுரத்தில் 30 அங்குல உயரக் கால்கள் நான்கும் 0.6. சுற்றிவரும் சட்டம் அரை. ஆக மொத்தம் 2.7 கன அடி. பக்கத்து மரக்கடையில் நல்ல தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டு அதால் பெருக்குங்கள். இது வெறும் மரத்தின் மதிப்பு. கேட்கிற விலை இதற்குக் கொஞ்சம் மேலே இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், செய்கூலி இனாமாக வருகிறது. நான்கு மடங்கு கேட்டால் அதற்கான காரணம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்: வேலைப்பாடு, அரிய வடிவம், கெடாத பழைய பாலிஷ், இப்படி ஏதாவது.

இதே கணக்கு எடைக்கும் உதவும். காய்ந்த தேக்கு கன அடிக்கு 18 கிலோ சுமார், ஈட்டி 24. அந்த மேசை 50 கிலோ கனக்க வேண்டும். ஒரே ஆள் அனாயாசமாகத் தூக்கினால் பலகைக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

பழுதுச் செலவை முன்கூட்டியே கழித்துப் பேசுங்கள். பிரம்பு பின்ன வேண்டுமா, பூட்டுக்குச் சாவி உண்டா, கண்ணாடி மாற்ற வேண்டுமா, ஊர் கொண்டுபோக வண்டிக்கு எவ்வளவு. பிரம்பு பின்னுபவர்கள் குறைந்துவிட்டார்கள், அவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள். தொய்ந்திருக்கிறதே தவிர அறுந்துபோகவில்லை என்றால் பயமில்லை. அடிப்பக்கம் ஈரத்துணியால் நனைத்து நிழலில் காயவிட்டால் பிரம்பு மறுபடி இறுகும்.

பொருளின் விவரம் எழுதிய பில் கட்டாயம் வாங்குங்கள். தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும் என்பதும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உள்ளது. கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், சந்நிதிக் கதவு என்று யாராவது ரகசியக் குரலில் காட்டினால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. வந்த வாரமே பாலிஷ்காரரைக் கூப்பிட்டு முழுதும் சுரண்டிப் புதுசாக்கினால் எதற்குப் பழசை வாங்கினோம் என்று ஆகிவிடும். காஸ்டிக் சோடாவில் கழுவுவது வழக்கமாக இருக்கிறது, வேண்டாம். மரம் கறுக்கும், மூட்டில் உள்ள பசை விடும்.

மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று கண்டுபிடிக்க, அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், அதாவது ஃபிரெஞ்ச் பாலிஷ். அழகாக இருக்கும், ஆனால் சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும், கைக்கு ஊற்றும் சானிடைசர் சிந்தினால் கரைந்தே போகும். சாப்பாட்டு மேசைக்குத் துணிவிரிப்பு போட்டே ஆக வேண்டும். பெயின்ட் அடித்த பழைய சாமானை உலர்வாக எமரித்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தூள் விஷம்.

இடம் வைப்பதில் ஒரே எச்சரிக்கை ஏசி. காற்று நேரே படும் இடத்திலும் மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு அருகிலும் வைத்தால் பலகை சுருங்கி நடுவில் வெடிக்கும். உயரமான அலமாரியை மேல்பக்கம் ஒரு கிளிப் போட்டுச் சுவரோடு பிடித்துவிடுங்கள், குழந்தைகள் டிராயரைத் திறந்து படியாக்கி ஏறுவார்கள்.

தினமும் உலர்ந்த துணி. வருடத்துக்கு இரண்டு தடவை கொஞ்சம் தேன்மெழுகு தடவித் தேய்த்தால் போதும். வாராவாரம் எண்ணெய் பூசினால் தூசியைப் பிடித்துக் கறுத்துப் பிசுக்காகும். ஆளிவிதை எண்ணெய் பூசுவதானால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள். பித்தளைக் குமிழை மரத்தில் வைத்தே புளி போட்டுத் தேய்க்காமல், கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

ஊருக்கு வந்து வாங்கிக் கப்பலில் அனுப்ப நினைப்பவர்கள் இரண்டு காகிதத்தை முதலிலேயே யோசிக்க வேண்டும். நூறு ஆண்டு தாண்டிய பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பழசாகத் தெரிகிற எதற்கும், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி அனுப்புவதே பாதுகாப்பு. ஆகவே அனுப்புவதற்கென்றால் 1940, 50களின் சாமானைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது ஈட்டி மரம். அந்த மரக்குடும்பத்தின் பன்னாட்டு வணிகம் 2017 முதல், அழியும் ஆபத்துள்ள உயிரின, தாவர வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது, அனுமதி இல்லாமல் துறைமுகத்தில் நின்றுவிடலாம். தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் மரச்சாமானில் ஒரு பூச்சித்துளை தெரிந்தாலும் அங்கே நிறுத்தி உங்கள் செலவில் புகைமருந்து போடச் சொல்வார்கள். அதை இங்கேயே முடித்துச் சான்றோடு ஏற்றினால் செலவு குறையும்.